லண்டனில் பஸ்ஸும் டியூபும் மாறி ஏறுவது: வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் எங்கள் வீடு. மே மாதம் பிறந்தால் ஊரிலிருந்து உறவினர்கள் வரத் தொடங்குவார்கள். ஆகஸ்ட் முடியும்வரை யாராவது ஒருவர் வரவேற்பறையில் படுத்திருப்பார். கோபுரப் பாலமும் அரண்மனையும் பார்க்கக் கிளம்புவதற்கு முன், காலை இட்லித் தட்டின் முன்னால் அமர்ந்து அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போனதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். கட்டணம் குறிப்பிடும் இடங்களிலெல்லாம் அது 2025ஆம் ஆண்டுக் கணக்கு.

பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கலாம் அல்லவா? கொஞ்சம் சில்லறை கொண்டு வந்தால் போதுமா?

போதாது. இங்கே பஸ்ஸில் கண்டக்டர் இல்லை; ஓட்டுநர் பணம் வாங்குவதும் 2014 ஜூலையோடு நின்றுவிட்டது. பையில் நூறு பவுண்டு நோட்டாக இருந்தாலும் பஸ்ஸில் அது ஒரு நிறுத்தத்துக்குக்கூட உதவாது. முன்வாசலில் ஏறியதும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டம் ஒன்று தெரியும். அதன்மேல் கார்டை வைத்து, ஒலி கேட்டதும் எடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். இனி இந்தப் பக்கத்தில் தட்டுவது என்று எழுதுவதெல்லாம் இந்தச் செயலைத்தான்.

நம் ஊர் போல ஸ்டேஜ் கணக்கும் கிடையாது. நாலு நிறுத்தம் போனாலும் நாற்பது நிறுத்தம் போனாலும் பெரியவர் ஒருவருக்கு 1.75 பவுண்டு. எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எந்த கார்டு? எங்கள் வங்கி கார்டே போதுமா, இல்லை ஓய்ஸ்டர் என்று சொல்கிறார்களே, அதை வாங்க வேண்டுமா?

தட்டிப் பணம் செலுத்தும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுகளை லண்டன் போக்குவரத்து அமைப்பு ஏற்றுக்கொள்கிறது. பெரியவர்களுக்கு ஓய்ஸ்டரிலும் வங்கி கார்டிலும் கட்டணம் ஒன்றே. ஆனால் இந்தியாவில் வாங்கிய கார்டு என்றால் புறப்படுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் வாடிக்கையாளரே வங்கிச் செயலிக்குள் போய்த் திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் வந்து, ஹீத்ரோ விமான நிலையத்து ரயில் ஸ்டேஷனில், தட்டினால் திறக்கும் கேட்டின் முன்னால் பெட்டிகளோடு நின்று ஊரிலுள்ள மகனுக்குப் போன் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்நியச் செலாவணிக்காக உங்கள் வங்கி பிடிக்கும் தொகை தனி. அது கூடுதலாகத் தோன்றினால், அல்லது வீட்டில் ஒருவரிடம் மட்டும்தான் கார்டு இருக்கிறது என்றால், ஓய்ஸ்டர் வாங்குவது வசதி. ஓய்ஸ்டர் என்பது முன்கூட்டிப் பணம் நிரப்பிக்கொள்ளும் நீல நிற பிளாஸ்டிக் கார்டு. கார்டுக்கான விலை திரும்பக் கிடைக்காது; உள்ளே நிரப்பிய பணம் உங்களுடையது.

இறங்கும்போதும் தட்ட வேண்டுமா?

பஸ்ஸில் தேவையில்லை, ஏறும்போது ஒருமுறை போதும். டியூப் என்று எல்லோரும் சொல்லும் சுரங்க ரயில், டி.எல்.ஆர். என்னும் இலகு ரயில், ஓவர்கிரவுண்டு, எலிசபெத் லைன் ஆகியவற்றில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கட்டாயம் தட்ட வேண்டும். ரயிலுக்கு மண்டலக் கணக்கு என்பதே காரணம். நகரின் நடுப்பகுதி முதல் மண்டலம். அதைச் சுற்றி வளையம் வளையமாக மற்றவை. எங்கே நுழைந்தீர்கள், எங்கே வெளியேறினீர்கள் என்ற இரண்டும் தெரிந்தால்தான் கட்டணம் போட முடியும். ஒரு முனை விடுபட்டால் பயணம் முடியாததாகக் கருதப்பட்டு, அந்த வழியில் பிடிக்கக்கூடிய மிக உயர்ந்த கட்டணம் பிடிக்கப்படும்.

டியூபில் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாறினால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். கேட்டுக்கு உள்ளேயே இருக்கும்வரை எத்தனை லைன் மாறினாலும் ஒரே பயணம், ஒரே கட்டணம். ஸ்டேஷனுக்குள் மாறும்போது எதையும் தட்டவும் வேண்டாம். இதற்கு உள்ள ஒரே விலக்கு இளஞ்சிவப்பு வட்டம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹீத்ரோவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியையே எடுத்துக்கொள்வோம். விமான நிலையத்தில் கருநீலக் கோட்டில் காட்டப்படும் பிக்காடில்லி லைனில் ஏறினால், பேரன்ஸ் கோர்ட் என்ற ஸ்டேஷனில் பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாற வேண்டும். இறங்கிய மேடையிலேயே நாலு எட்டு நடந்து எதிர்ப்புறம் போய் நின்றால் டிஸ்ட்ரிக்ட் வண்டி வந்து நிற்கும். படி ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. வரைபடத்தைப் பார்த்தால் நடு லண்டனில் மாறுவதும் அதே அளவு எளிதாகத்தான் தோன்றும். ஆனால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் எத்தனை படிகள், எத்தனை திருப்பங்கள் என்பதை வரைபடம் சொல்வதில்லை. இரண்டு பெரிய பெட்டியும் ஒரு அரிசி மூட்டையளவு கைப்பையும் வைத்திருப்பவர்களுக்கு நான் பேரன்ஸ் கோர்ட்டைத்தான் சொல்வேன். எலிசபெத் லைனில் வந்து வொயிட்சேப்பலில் மாறுவது வேகமான வழி. கட்டணமும் அதற்கேற்ப அதிகம்.

ஒரு பஸ்ஸில் இறங்கி இன்னொரு பஸ்ஸில் ஏறினால் மறுபடியும் காசு போகுமா?

ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் போகாது. இதற்கு ஹாப்பர் கட்டணம் என்று பெயர். 2016 செப்டம்பரில் ஒரே ஒரு மாற்றத்துக்கு மட்டும் இலவசமாகத் தொடங்கிய இந்தச் சலுகை, 2018 ஜனவரி இறுதியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ், டிராம் மாறினாலும் செல்லும் என்று விரிந்தது. இரண்டாவது, மூன்றாவது பஸ்ஸிலும் கார்டைத் தட்டத்தான் வேண்டும். தட்டினால் பூஜ்யம் என்று கணக்காகும். தட்டாமல் ஏறினால் அது டிக்கெட் இல்லாப் பயணம். இலவசம்தானே என்று தட்டாமல் நடந்து போகப் பார்த்த என் சித்தப்பாவை ஓட்டுநர் கையசைத்து நிறுத்தினார்.

மாறுவதற்கென்று தனிச் சீட்டு கேட்டு வாங்க வேண்டியதில்லை, ஓட்டுநரிடம் சொல்லவும் வேண்டியதில்லை. போன வழியிலேயே அதே எண் பஸ்ஸில் திரும்பி வந்தாலும் சலுகை உண்டு. மருந்துக் கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்புகிறவருக்குப் போக வர 1.75 பவுண்டுதான். ஓய்ஸ்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கார்டின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தால், பணம் நிரப்பிய பிறகுதான் இலவச மாற்றம் கிடைக்கும்.

அந்த ஒரு மணி நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? பஸ்ஸில் இருக்கும்போதே முடிந்துவிட்டால் இறக்கிவிடுவார்களா?

முதல் பஸ்ஸில் தட்டிய நொடியில் தொடங்குகிறது. கடைசி பஸ்ஸில் எப்போது தட்டினீர்கள் என்பதுதான் கணக்கு. எப்போது இறங்கினீர்கள் என்பது அல்ல. ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் ஏறிவிட்டு, அதன் பிறகு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போகலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அறுபத்திரண்டாவது நிமிடத்தில் ஏறினால் புதிதாக 1.75 பவுண்டு போகும், புதிய ஒரு மணி நேரமும் தொடங்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஈஸ்ட் ஹாமிலிருந்து டிரஃபால்கர் சதுக்கத்துக்கு பஸ்ஸிலேயே வேடிக்கை பார்த்துக்கொண்டு போக விரும்புகிறவர்கள் 115இல் ஏறி ஆல்ட்கேட்டில் இறங்கி 15க்கு மாறுவார்கள். நெரிசல் நேரத்தில் ஆல்ட்கேட் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். ஆனால் 115உம் 15உம் பாப்லர் பகுதியிலிருந்தே ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. ஆகவே ஆல்ட்கேட்வரை காத்திராமல், நிறுத்தக் கம்பத்தில் இரண்டு எண்ணும் எழுதியிருக்கும் முதல் இடத்திலேயே இறங்கி 15ஐப் பிடித்துவிடுங்கள். நேரமும் மிச்சம், மாடியின் முன் இருக்கை கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். எந்த ஊரானாலும் இரண்டு பஸ்ஸும் சேர்ந்து ஓடும் சாலை எது என்று பார்த்து, அதன் முதல் நிறுத்தத்தில் மாறுவதே கெட்டிக்காரத்தனம்.

டியூபில் வந்து இறங்கி, வெளியே பஸ் ஏறினால்? அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்தானே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹாப்பர் என்பது பஸ்ஸுக்கும் டிராமுக்கும் மட்டும். டியூபிலிருந்து பஸ்ஸுக்கு மாறினால் டியூபுக்கு ஒரு கட்டணம், பஸ்ஸுக்கு ஒரு கட்டணம்; இரண்டுக்கும் நடுவில் இரண்டே நிமிடம் இருந்தாலும் சரி. சில நாடுகளில் ஒரே டிக்கெட்டில் ரயிலும் பஸ்ஸும் போய்ப் பழகியவர்களுக்கு இது அநியாயமாகப் படும். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் விதி அதுதான்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பஸ்ஸில் ஏறி, நடுவில் டியூபில் போய், மறுபடி பஸ்ஸில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பஸ்ஸில் தட்டி ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது பஸ்ஸில் தட்டிவிட்டால், இடையில் டியூப் வந்தது குறுக்கே நிற்காது. இரண்டாவது பஸ் இலவசம், டியூபுக்கு மட்டும் தனிக் கட்டணம்.

நாங்கள் இரண்டு பேர். ஒரே கார்டை இரண்டு முறை தட்டினால் என்ன?

கூடாது. ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே வங்கிக் கணக்கு வைத்திருந்தாலும், கையில் இரண்டு தனி கார்டுகள் இருக்க வேண்டும். டியூப் கேட்டில் உள்ளே போகத் தட்டிய கார்டை அடுத்தவருக்காக மறுபடி தட்டினால், கணக்கே குழம்பிப்போகும். சோதனை அதிகாரி வண்டிக்குள் வந்து கையடக்கக் கருவியில் உங்கள் கார்டை வைத்துப் பார்க்கும்போது, ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் அபராதம் 100 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் பாதி.

பிள்ளைகளுக்கு என்ன செய்வது?

பதினொரு வயது நிரம்பாதவர்களுக்கு பஸ்ஸிலும் டிராமிலும் இலவசம், கார்டே வேண்டாம். டியூபிலும் அதனுடன் சேர்ந்த ரயில்களிலும், கட்டணம் செலுத்தும் ஒரு பெரியவருடன் அப்படிப்பட்ட நான்கு பிள்ளைகள் வரை இலவசமாகப் போகலாம். குறுகிய கேட்டில் பிள்ளையை முன்னால் தள்ளிக்கொண்டு போகாமல், ஓரத்திலுள்ள அகலமான கேட்டில் போனால் ஊழியர் திறந்துவிடுவார்.

பதினொன்று முதல் பதினைந்து வயது வரை என்றால் அவர்களுக்கு ஒரு ஓய்ஸ்டர் வாங்கி, டியூப் ஸ்டேஷன் ஊழியரிடம் இளம் சுற்றுலாப் பயணியருக்கான சலுகையை ஏற்றித் தரச் சொல்லுங்கள். 14 நாளுக்குப் பெரியவர் கட்டணத்தில் பாதிதான். பிள்ளையையும் உடன் அழைத்துப் போக வேண்டும். வங்கி கார்டில் இந்தச் சலுகை ஏறாது. பெரிய பையனுக்கு அப்பாவின் இன்னொரு வங்கி கார்டைக் கொடுத்தால் முழுக் கட்டணம்தான் போகும்.

கார்டு பையில் இருக்கிறது, போனிலும் அதே கார்டுதான் ஏற்றியிருக்கிறேன். எதைத் தட்டினாலும் ஒன்றுதானே?

உங்கள் வங்கிக்கு ஒன்று. இங்குள்ள இயந்திரத்துக்கு அது இரண்டு. பிளாஸ்டிக் கார்டு ஒருவர், போன் இன்னொருவர், கைக்கடிகாரம் மூன்றாமவர் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் தட்டி உள்ளே போய்விட்டு, சார்ஜ் தீர்ந்ததால் கார்டால் தட்டி வெளியே வந்தால், முடியாத பயணங்கள் இரண்டு ஆகிவிடும். இரண்டுக்கும் மேலே சொன்ன உயர்ந்த கட்டணம் விழலாம். பஸ் மாறும்போதும் இப்படியே: முதல் பஸ்ஸில் போன், இரண்டாவதில் கார்டு என்றால் ஹாப்பர் கிடைக்காது.

இன்னொன்று, பர்ஸை அப்படியே வட்டத்தின்மேல் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே இரண்டு கார்டு இருந்தால் எது படிக்கப்படும் என்று உங்களாலும் சொல்ல முடியாது. தட்டப்போகும் கார்டை மட்டும் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கேட் இல்லாத ஸ்டேஷனில் எங்கே தட்டுவது? யாரும் கேட்கவில்லையே, அப்படியே வெளியே வந்துவிட்டோமே?

டி.எல்.ஆர். ஸ்டேஷன்கள் பலவற்றில் கேட் கிடையாது. படிக்கட்டுக்கு அருகிலோ மேடையின் ஓரத்திலோ கம்பத்தில் மஞ்சள் வட்டம் மட்டும் இருக்கும். கதவு தடுக்காததால் மனம் அதை நினைப்பதே இல்லை.

சென்ற ஆண்டு என் மாமா கிரீனிச்சில் உலகின் பூஜ்யத் தீர்க்கரேகைக் கோட்டின்மேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளக் கிளம்பினார். பாங்க் ஸ்டேஷனில் ஏறி கட்டி சார்க் ஸ்டேஷனில் இறங்கினார். கேட் இல்லை, கூட்டத்தோடு கூட்டமாக மேலே வந்துவிட்டார். மாலையில் திரும்பும்போதுதான் அந்தக் கம்பம் கண்ணில் பட்டது. விட்டதைச் சரிக்கட்டும் எண்ணத்தில் ஒருமுறை தட்டி, பிறகு திரும்புவதற்காக இன்னொருமுறையும் தட்டினார். மறுநாள் செலவைப் பார்த்தபோது, படம் எடுக்கப் போன செலவு அன்றைய மதியச் சாப்பாட்டைவிட அதிகமாக இருந்தது. விட்டுப்போன தட்டலைப் பின்னால் தட்டி ஈடுசெய்ய முடியாது; அது புதிய பயணத்தின் தொடக்கமாகவோ இன்னொரு குழப்பமாகவோதான் பதியும். விட்டுவிட்டோம் என்று தெரிந்தால் மறுமுறை தட்டாமல், கடைசிக் கேள்விக்கு முந்தைய பதிலில் சொல்லியிருப்பதைச் செய்யுங்கள்.

ஆனால் கேனிங் டவுன் போன்ற இடங்களில் டியூபிலிருந்து டி.எல்.ஆருக்கு உள்ளேயே மாறும்போது, வழியில் மஞ்சள் வட்டம் தென்பட்டாலும் தட்ட வேண்டாம். பயணம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மட்டுமே மஞ்சள் வட்டம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே போய், தெருவில் நடந்து இன்னொரு ஸ்டேஷனுக்குள் போகும்படி வழி காட்டுகிறதே? இரண்டு டிக்கெட் ஆகாதா?

ஆகாது, குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால். அருகருகே இருந்தும் உள்வழி இல்லாத சில ஸ்டேஷன் இணைகளை ஒரே பயணமாகச் சேர்த்துக் கணக்கிடும் ஏற்பாடு இருக்கிறது. ஹேமர்ஸ்மித்தில் டிஸ்ட்ரிக்ட், பிக்காடில்லி லைன்களுக்கு ஒரு ஸ்டேஷன். சாலைக்கு எதிர்ப்புறம் சர்க்கிள் லைனுக்கு அதே பெயரில் இன்னொரு ஸ்டேஷன். எங்கள் பக்கத்தில் ஃபாரஸ்ட் கேட்டில் எலிசபெத் லைனை விட்டு இறங்கி, கடைத்தெரு வழியே சில நிமிடம் நடந்தால் ஓவர்கிரவுண்டின் வான்ஸ்டெட் பார்க் ஸ்டேஷன். யூஸ்டன், யூஸ்டன் ஸ்குவேர் என்பதும் இப்படிப்பட்ட ஓர் இணை. வெளியே வரும்போது வழக்கம்போலத் தட்டுங்கள். அடுத்த ஸ்டேஷனில் அதே கார்டால் தட்டி உள்ளே போங்கள். இரண்டு துண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அனுமதிக்கப்பட்ட நேரம் இடத்துக்கு இடம் மாறும். நடக்கும் தூரத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் தாராளமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் வழியில் காபி குடிக்க உட்கார்ந்தால் நேரம் கடந்து, இரண்டும் தனித்தனிப் பயணமாகப் பிரிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் எல்லா ஸ்டேஷனுக்கும் இந்த ஏற்பாடு இல்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இளஞ்சிவப்பு வட்டம் ஒன்று நடுவில் நிற்கிறதே, அது எதற்கு?

நீங்கள் நகரின் நடுப்பகுதிக்குள், அதாவது முதல் மண்டலத்துக்குள், போகாமல் சுற்றி வந்தீர்கள் என்பதற்குச் சாட்சி அது. முதல் மண்டலத்தைத் தொடாத பயணத்துக்குக் கட்டணம் குறைவு; ஆனால் நுழைந்த இடமும் வெளியேறிய இடமும் மட்டும் தெரிந்த இயந்திரத்துக்கு, நடுவில் எந்த வழியாக வந்தீர்கள் என்பது தெரியாது.

கியூ தாவரவியல் தோட்டத்துக்கு ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் மாறாமலே போகலாம். அது நகரின் நடுவை ஊடுருவிச் செல்லும். அதை விட்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு போய் ஓவர்கிரவுண்டின் மில்ட்மே லைனில் ஏறினால், நகரின் வடக்கே சுற்றிக்கொண்டு அதே கியூ கார்டன்ஸ் ஸ்டேஷனில் இறங்கலாம். இரண்டு வழிக்கும் ஏறும் இடமும் இறங்கும் இடமும் ஒன்றே. ஆகவே ஸ்ட்ராட்ஃபோர்டில் மாறும்போது இளஞ்சிவப்பு வட்டத்தில் தட்டிவிட்டுப் போனால்தான் சுற்றுவழிக்கான குறைந்த கட்டணம் விழும். அங்கே தட்டுவதால் பணம் பிடிக்கப்படாது, பயணமும் முடியாது. தொடக்கத்திலும் முடிவிலும் மஞ்சள் வட்டத்தை வழக்கம்போலத் தட்டத்தான் வேண்டும். ஐயமாக இருந்தால் தட்டிவிடுங்கள்.

நாள் முழுக்க ஏறி இறங்கினால் எவ்வளவு போகும்? ஒரு நாள் பாஸ் வாங்குவது லாபமா?

பெரும்பாலோருக்குப் பாஸ் தேவையில்லை. ஒரே கார்டால் தட்டிக்கொண்டே வந்தால், ஓர் உச்சவரம்பை எட்டியதும் அந்த நாளுக்கு மேற்கொண்டு பிடிப்பது நின்றுவிடும். பஸ், டிராம் மட்டும் என்றால் நாளொன்றுக்கு 5.25 பவுண்டு, அதாவது மூன்று பயணத்தின் விலை. முதல் இரண்டு மண்டலங்களுக்குள் டியூபும் பஸ்ஸும் சேர்த்து 8.90 பவுண்டு. இன்னும் வெளியே போகப் போக வரம்பு உயரும். நாள் என்பது விடியற்காலை நாலரை மணியிலிருந்து மறுநாள் நாலரை மணிவரை. ஆகவே இரவுக் காட்சி பார்த்துவிட்டு நள்ளிரவில் ஏறும் பஸ்ஸும் முந்தைய நாள் கணக்கிலேயே சேரும்.

வார வரம்பு ஒன்றும் உண்டு, ஆனால் அது திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும் வாரத்துக்கு. வியாழக்கிழமை வந்து அடுத்த புதன்கிழமை கிளம்புகிறவர் ஏழு நாள் சுற்றினாலும், கணக்கு இரண்டு வாரமாகத் துண்டுபட்டு வார வரம்பின் பலன் பெரும்பாலும் கிட்டாது. டியூபில் வார நாள்களில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையும் மாலை நாலு முதல் ஏழு வரையும் நெரிசல் நேரக் கட்டணம். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் பிறகு உள்ளே தட்டுவது நல்லது.

தேம்ஸ் நதிப் படகு, கேபிள் கார், ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் எல்லாம் இதில் அடக்கமா?

இல்லை. அங்கும் அதே கார்டைத் தட்டலாம் என்பதால் அடக்கம் என்று தோன்றும். மூன்றும் மேலே சொன்ன நாள் வரம்பில் சேராது, ஹாப்பரிலும் சேராது.

பஸ் பாதியிலேயே நின்று எல்லோரையும் இறங்கச் சொன்னால்?

இங்கே இது அடிக்கடி நடக்கும். அறிவிப்பு ஒலித்ததும் யாரும் சண்டை போடாமல் இறங்குவதைப் பார்த்தால் நமக்குத்தான் வியப்பாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஹாப்பரிலேயே அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம். நேரம் கடந்துவிட்டது, அல்லது கடந்துவிடும் என்று தோன்றினால், இறங்குவதற்கு முன் ஓட்டுநரிடம் மாற்றுச் சீட்டு கேளுங்கள். மாறுவதற்கு ஓட்டுநரிடம் வாய்திறக்க வேண்டிய ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

அதிகமாகப் பிடித்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு கேட்டு வாங்க முடியுமா?

முடியும், ஆனால் இங்கே இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. வங்கி கார்டில் ஒவ்வொரு தட்டலுக்கும் தனித்தனியாகப் பிடிப்பதில்லை, ஒரு நாள் பயணத்தைக் கூட்டி ஒரே தொகையாக எடுப்பார்கள். அதனால் வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்து எந்தப் பயணத்தில் பிழை என்று கண்டுபிடிக்க இயலாது. முதல் தட்டலின்போது 10 பென்ஸ் என்று ஒரு செய்தி வந்தால் அது கட்டணம் அல்ல, கார்டு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை. லண்டன் போக்குவரத்து அமைப்பின் இணையதளத்தில் கணக்கு தொடங்கிக் கார்டைச் சேர்த்துக்கொண்டால், எந்த நேரத்தில் எங்கே தட்டினீர்கள் என்பது வரிசையாகத் தெரியும். முடியாத பயணம் என்று குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுத்து, உண்மையில் எங்கே இறங்கினீர்கள் என்று தெரிவித்தால் மிகுதியைத் திருப்பித் தருவார்கள். என் மாமாவுக்குத் திரும்பி வந்தது.

ஓய்ஸ்டரில் மீதிப் பணம் இருக்கிறது. நாளை விமானம். என்ன செய்யட்டும்?

பத்து பவுண்டு வரையிலான மீதியை டியூப் ஸ்டேஷன் இயந்திரத்திலேயே திரும்பப் பெறலாம். ஆனால் கார்டு அத்தோடு செல்லாததாகிவிடும், கார்டின் விலையும் போச்சு. அந்தப் பணத்துக்குக் காலக்கெடு கிடையாது. ஆகவே மறுபடி வருகிற எண்ணம் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம், வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் செய்யலாம். எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் இப்படி விட்டுச் சென்ற ஓய்ஸ்டர்கள் ஐந்து கிடக்கின்றன. அத்தை விட்டுப்போனதில் நாலு பவுண்டு சொச்சம் இருப்பதாக அதன் உறையில் அவரே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அடுத்து யார் வந்தாலும் முதல் நாள் அந்தக் கார்டோடுதான் கிளம்புவார்கள்.